நாற்காலிக்குள் ஒரு ஆள் நுழைய முடியுமா?

ஐயா, வணக்கம். நான் பேய்க்கதையும் கொலைக்கதையும் எழுதுகிறவன். ஜப்பானிய எழுத்தாளர் எடோகவா ராம்போ இருட்டுக் கிடங்கில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து எழுதுவாராம். ஆறு மாதமாக நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனாலும் கதையில் பயம் வரவில்லை, வெறுத்துப்போகிறது. இந்த வகை எழுத்து இலக்கியம் ஆகுமா? வங்கி வேலையை விட்டுவிடலாமா? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பிணம் கிடக்கிற கதை ஒன்றை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பி,

முதலில் மெழுகுவர்த்தியை அணையுங்கள். கண் கெட்டுப்போகும். ராம்போ மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதினார் என்பது அவர் காலத்திலேயே கிளம்பிய வதந்தி. 1934இல் டோக்கியோவின் இகெபுகுரோவில் அவர் குடிபோன வீட்டில் மண்சுவர்க் கிடங்கு ஒன்று இருந்தது உண்மைதான். அதில் அவர் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்.

வேலையை விடாதீர்கள். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய நாக்குக்கு வளைத்துப் புனைபெயர் வைத்துக்கொண்ட அந்த மனிதர், பொருளாதாரம் படித்துவிட்டு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தார், பழைய புத்தகக் கடை வைத்தார், வண்டி தள்ளி நூடுல்ஸ் விற்றார். முதல் கதை 1923இல் வந்தபோது வயது 28. வெறுப்பு அவருக்கும் வந்தது. 1927இல் தன் எழுத்தைத் தானே சகிக்க முடியாமல் நிறுத்திவிட்டு ஊர் ஊராகச் சுற்றினார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து எழுதினார். நீங்களும் வருவீர்கள்.

இலக்கியமா இல்லையா என்பதை இப்போது விடுங்கள். பயம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பல நாளாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1925இல் ராம்போ எழுதிய ‘மனித நாற்காலி’ ஒரு பெண் எழுத்தாளருக்கு வருகிற கடிதம். எழுதியவன் ஒரு தச்சன். தான் செய்த, தோல் போர்த்திய பெரிய மெத்தை நாற்காலிக்குள்ளேயே ஒளிந்து வாழ்ந்ததாகவும், தன்மேல் வந்து உட்கார்ந்தவர்களின் உடல்களைத் தோலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அறிந்ததாகவும் சொல்கிறான். அதை எழுதும் முன் ராம்போ என்ன செய்தார் தெரியுமா? கோபே நகரில் இன்னொரு துப்பறியும் கதை எழுத்தாளரான யோகோமிசோ செய்ஷியுடன் நாற்காலிக் கடைக்குப் போய், “இதற்குள் ஒரு ஆள் நுழைய முடியுமா?” என்று கேட்டிருக்கிறார். கதையில் வரும் தச்சன் முழங்காலை எங்கே மடக்குவது, மூச்சு எப்படி விடுவது, ரொட்டியும் தண்ணீரும் எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்வான். அங்கேதான் பயம் இருக்கிறது. இருட்டில் இல்லை.

எனக்கு இது உடம்பாலேயே தெரியும். ஒன்பது வயதில், கண்ணாமூச்சி ஆட்டத்தில், பாட்டி வீட்டுப் பெட்டகத்துக்குள் போய்ப் படுத்தேன். பழைய பட்டுத்துணி வாடை, கற்பூர வாடை. பூட்டுத் துவாரம் வழியாக ஒரு கடுகளவு வெளிச்சம். மூடி கனமாக இறங்கியது. யாரோ மேலே வந்து உட்கார்ந்தார்கள். சித்தி. “அவர் என்னை அடிக்கிறார்மா” என்று பாட்டியிடம் சொன்னாள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சித்தி அழுதபோது பலகை என் நெற்றிக்கு மேலே மெல்ல ஏறி இறங்கியது. அந்த அசைவை இன்றைக்கும் நெற்றியில் உணர்கிறேன். அன்று மாலை சித்தப்பா எனக்குக் கடலைமிட்டாய் வாங்கி வந்தார். வாங்கிக்கொண்டேன். அந்தக் கையைப் பார்த்தபோது வந்ததுதான் பயம். எந்தப் பேய்க்கதையிலும் அப்படி ஒன்றை நான் அடைந்ததில்லை, ‘மனித நாற்காலி’யைப் படிக்கும் வரை.

இனி உங்கள் கதை. “தொட்டிக்குள் பயங்கரமான பிணம்” என்று எழுதியிருக்கிறீர்கள். பயங்கரம் என்ற சொல் நான்கு பக்கத்தில் பதினொரு தடவை. ஆனால் தொட்டியின் வாய் எவ்வளவு அகலம் என்று ஒரு இடத்திலும் இல்லை. கொலைகாரன் ஏணியில் ஒரு கையால் பிணத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூடியை எப்படித் திறந்தான்? மறுநாள் காலை மூன்றாம் மாடிக்காரர் பல் தேய்த்த தண்ணீர் எப்படி இருந்தது? இதைக்கூட யோசிக்காமல் என்ன எழுத்து, தம்பி? எனக்குக் கோபமே வந்தது. ஆனால் பிணத்தின் கால்விரலில் மெட்டி இருந்தது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வருகிறதே, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறுங்கள். மூடியைத் திறந்து வாயை அளந்து பாருங்கள். உங்கள் தோள் உள்ளே போகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.