ரெண்டாவது படிக்கிற பொண்ணு கொம்பு எழுத்துல நின்னுடுறா – பதில்

வணக்கம் சிஸ்டர், பாப்பா பாட்டெல்லாம் மனப்பாடமா சொல்றா ஆனா கொடி, தேள்னு வந்தா நின்னுடுறா, அதனால சூழ்நிலையியல் புக்கையும் தொட மாட்டேங்குறான்னு எழுதியிருந்தீங்க. தயவுசெஞ்சு திட்டாதீங்க. 'தே'ல கண்ணுக்கு முதல்ல தெரியறது கொம்பு, ஆனா வாய்ல முதல்ல வர்றது த், அதான் குழந்தை குழம்புது. 'கொ'ல இன்னும் மோசம், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். 247 எழுத்தையும் திரும்பத் திரும்ப எழுத வைக்காம கெ, கே, கை, கொ, கோ இந்த குடும்பத்தை மட்டும் ஒரு வாரம் அட்டையில எழுதி விளையாடுங்க.

அறிவியலையும் இதோட சேத்துடலாம். ராத்திரி ஒரு பிடி பச்சைப்பயறு ஊற வெச்சு ஈரத்துணியில கட்டி வைங்க, ரெண்டு நாள்ல வெள்ளையா ஒண்ணு எட்டிப் பாக்கும், அது இலை இல்ல, வேர்தான் முதல்ல வரும், அதை அவளே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் படம் வரைஞ்சு கீழ ‘வேர்’னு எழுதச் சொல்லுங்க, அங்கயே கொம்பு வந்துடுச்சு பாருங்க! நீங்க கடலூர்தானே, ஞாயித்துக்கிழமை தேவனாம்பட்டினம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஈர மணல்ல நண்டு வளையைப் பாத்துட்டு அங்கயே விரலால ‘நண்டு’, ‘அலை’ன்னு எழுதட்டும்.

கவர்மெண்ட் ஸ்கூல்னா 2022ல ஆரம்பிச்ச ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இருக்கு, அதுல குழந்தைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு படிப்படியா பிரிப்பாங்க, பாப்பா எந்தப் படியில இருக்கான்னு டீச்சர்கிட்ட கேளுங்க, எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சிடும். பயறு முளைச்சதும் எழுதுங்க சிஸ்டர், காத்துட்டிருக்கேன்.