நட்புக் கதைக்குக் காதல் எதிர்பார்த்து வருகிறார்கள் என்றால்

ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில், உங்கள் கதையின் உறவுக் குறிச்சொல்லில் இரண்டு பாத்திரப் பெயர்களுக்கு நடுவே இருக்கும் / குறியை எடுத்துவிட்டு & போடுங்கள்.

‘நட்பைத்தான் எழுதினேன், காதல் எங்கே என்று கோபப்படுகிறார்கள்’ என்றீர்களே, அதற்கு அந்தச் சாய்கோடுதான் காரணமாக இருக்கும். அந்தத் தளத்தில் / என்றால் காதல் ஜோடி, & என்றால் நட்பு அல்லது குடும்பப் பாசம். 1970களில் ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் அதன் இரு பாத்திரங்களை ஜோடியாக்கி கிர்க்/ஸ்பாக் என்று எழுதிய காலத்து வழக்கம் இது. தங்கள் ஜோடிக்காக ஏங்கி வருபவர்கள் முதலில் பார்ப்பதே அந்தக் கோட்டைத்தான்.

பெயரைத் தட்டும்போது கீழே விழும் பட்டியலில் கைதவறி ஜோடியைத் தேர்ந்திருப்பீர்கள். திருத்தப் பக்கத்தைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.

ஆனால் பத்தாவது அத்தியாயத்தில் அவர்கள் காதலிக்கப் போகிறார்கள் என்றால் சாய்கோடு அப்படியே இருக்கட்டும். மெதுவாக மலரும் காதல் என்று இன்னொரு குறிச்சொல் சேர்த்தால் சரி.