பட்டறைப் பக்கம்: ராத்திரியில விரிசல் விட்ட அருவா

கேள்வி: அண்ணே, கம்பத்துலருந்து தெனம் மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புல போயிட்டு வர்றவன் நான். சொந்தமா அருவா அடிக்கணும்னு ஆசை. மொத அருவாவ கட்டடக் கம்பியில அடிச்சேன், ஒரு கொம்பு வெட்டுறதுக்குள்ள வளைஞ்சு போச்சு. அப்புறம் பழைய ஜீப் பட்டா (வண்டிக்கு அடியில குலுக்கல் தாங்குற வில்லுத் தகடு) ஒண்ணு கெடச்சுது, கரி உலையில நல்லா சிவக்க வச்சு தண்ணித் தொட்டியில முக்குனேன், அரம் போட்டா அரமே வழுக்குது. சந்தோஷமா தூங்கிட்டேன். நடுராத்திரி 'டிங்'னு ஒரு சத்தம், விடிஞ்சு பாத்தா வாய்லருந்து முதுகு வரைக்கும் ஒரே கோடு. பட்டா மோசமா, என் கை மோசமா?
- வாசகர், கம்பம்

பதில்: தம்பி, பட்டா நல்ல பட்டாதான், தண்ணிதான் காரணம், அதவிட அன்னைக்கு ராத்திரி நீங்க தூங்குனதுதான் பெரிய காரணம். கட்டடக் கம்பியில கார்பன் கால் சதவீதம் போலத்தான் இருக்கும், அத எத்தன தடவ முக்குனாலும் அருவாவுக்கு வேணுங்குற வெறைப்பு வராது. வண்டிப் பட்டாவுல 0.5, 0.6 சதவீதம் இருக்கும், கூடவே சிலிக்கானோ குரோமியமோ கலந்திருப்பாங்க, அதனால எண்ணெயில மெதுவா ஆறுனாலே இறுகிடும். அதப் போயி பச்சத்தண்ணியில முக்குனா மேல் தோலு ஒரு பக்கம் இழுக்க உள்ளாற ஒரு பக்கம் இழுக்க, அந்த இழுப்பு ராத்திரி முழுக்க உள்ளுக்குள்ளயே நின்னு கடைசில விட்டுருச்சு. அரம் வழுக்குச்சுன்னா தோய்ச்சல் (சுட்டு முக்கி பதம் போடுற வேலை) பாதிதான் முடிஞ்சுதுன்னு அர்த்தம், அந்த நெலமையில இரும்பு கண்ணாடி மாதிரி. ஒடனே மறுபடி லேசா சுட்டு வெறைப்ப கொஞ்சம் எறக்குறதுதான் மீதிப் பாதி, அதத்தான் நீங்க தூங்கி விட்டுட்டீங்க.

அடுத்த தடவ பட்டாவ வாங்குனதும் துருவ தேச்சு எடுத்துட்டு மண்ணெண்ணெய் தடவி, நல்லா தொடச்சு, சாக்பீஸ் பொடிய பூசிப் பாருங்க, பழைய விரிசல் இருந்தா ஈரக் கோடா தெரியும். நடுவுல போல்ட் ஓட்டை இருக்குற எடத்த விட்டுருங்க. ஒரு வெரல் நீளத்துக்கு துண்டு வெட்டி மொத அத முக்கி, துணியில சுத்தி சுத்தியலால ஒடச்சுப் பாருங்க (கண்ணாடி போட்டுக்கங்க, செதறும்). ஒடஞ்ச எடம் சன்னமா மாவு மாதிரி சாம்பல் நெறத்துல இருந்தா சூடு சரி. சீனி மாதிரி பொடிப்பொடியா மினுங்குனா சூடு ஓவர். என் மொத துண்டு அச்சு அசல் அஸ்கா சீனிதான்.

எவ்வளவு சூடுன்னு கண்ண மட்டும் நம்பாதீங்க, வெயில்ல எல்லா செவப்பும் ஒரே செவப்பாத்தான் தெரியும். பழைய ஸ்பீக்கர் காந்தத்த ஒரு கம்பியில கட்டி வச்சுக்கங்க. 770 டிகிரி போல காந்தம் ஒட்டாது, அதுலருந்து இன்னும் கொஞ்சம் ஏத்தி 830, 840 கிட்ட, மஞ்சளாக விடாம. முக்குறதுக்கு முன்னாடி இதே சூட்டுக்கு கொண்டுபோயி காத்துல கருக்குற வரைக்கும் ஆறவிடுறத மூணு தடவ பண்ணுங்க, அடிச்ச கோளாறெல்லாம் நேராகும். வாய் ஓரத்த இப்பவே பிளேடா தேய்க்காம ஒரு மில்லி கனம் விட்டு வைங்க.

முக்குறதுக்கு கடலை எண்ணெய் போதும், 50, 60 டிகிரி வெதுவெதுப்பா. பழைய இஞ்சின் ஆயில் வேணாம், புகை நெஞ்ச அடைக்கும். வாய்ப்பக்கம் மொதல்ல எறங்கணும், மேலயும் கீழயும் ஆட்டுங்க, பக்கவாட்டுல ஆட்டுனா கோணிக்கும். பக்கத்துல இரும்பு மூடி இருக்கட்டும், தீப்பிடிச்சா மூடுறதுக்கு, தண்ணி ஊத்திராதீங்க.

கை தொடுற சூட்டுக்கு வந்ததும் ஒடனே அந்த மீதிப் பாதி வேலை, சாப்பிட்டு வந்து பாக்கலாம்னு கூட போகாதீங்க. எமரி போட்டு பளபளப்பாக்கி, நல்லா பழுத்த கனமான இரும்புக் கட்டை மேல அருவா முதுக வைங்க. முதுகுலருந்து நெறம் ஓடி வரும் பாருங்க, வைக்கோல், தேன், கத்திரிப்பூ, அப்புறம் மயில்கழுத்து நீலம். முதுகு நீலமா இருக்கணும், வாய்ல தேன் பழுத்து கத்திரிப்பூ ஆரம்பிக்கும்போது எடுத்து ஆத்திருங்க. ஏலத்தோட்டத்துல நெழல் மரம் கழிக்கும்போது கல்லுல படாம இருக்காது, பட்டுச்சுன்னா வாய் மழுங்கணும், செதறக்கூடாது. மழுங்குனா அங்கயே அரம் போட்டுக்கலாம்ல. அங்க வாக்கத்தின்னு சொல்றாங்களே, அதோட முதுகு கனத்த பாருங்க, அஞ்சு மில்லிக்கு மேல வச்சா சாயங்காலம் தோள்பட்டை கேள்வி கேக்கும்.

கேள்வி: பழைய அரத்துல அருவா அடிக்கலாமா?
- வாசகர், போடி

பதில்: சின்னக் கத்தி அடிங்க, உளி அடிங்க. கார்பன் ஒரு சதவீதத்துக்கும் மேல, ஓங்கி வெட்டுற வேலைக்கு பல்லு பல்லா தெறிக்கும்.

கேள்வி: தோய்ச்சல் போட்ட அருவாவ கிரைண்டர்ல புடிச்சேன், நுனி நீலமாயிருச்சு. பரவால்லையா?
- வாசகர், குமுளி

பதில்: அந்த எடத்துல பதம் எறங்கிருச்சுங்க. நீலம் போற வரைக்கும் கையால அரம் போட்டு எடுத்துருங்க, இனிமே கிரைண்டர்ல வைக்கும்போது கிளவுஸ் இல்லாம புடிங்க, வெரல் சுட்டா தண்ணியில தொட்டு எடுங்க.