மகன் ஆடியது, சேனல் படம் பிடித்தது

கேள்வி: தேசிய அளவிலான குத்துச்சண்டைப் போட்டியில் என் மகன் அரையிறுதி வரை போனான். ஒரு விளையாட்டு சேனல் நேரலையாகக் காட்டியது. ஒரே வருடத்தில் தன் ஆப்பிலிருந்து அதை எடுத்துவிட்டது. வேறு எங்கும் கிடைக்கவில்லை. டிவியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்ததை, லோகோவை மங்கலாக்கி யூடியூபில் போட்டேன். வீடியோவை நீக்கி, பதிப்புரிமை மீறல் என்று யூடியூப் ஸ்ட்ரைக் (எச்சரிக்கை) கொடுத்தது. இப்போது மன்னிப்புக் கடிதமும் ஒரு லட்சம் ரூபாயும் கேட்டு வக்கீல் நோட்டீஸ். ரத்தம் சிந்தியவன் என் பிள்ளை. அவனுக்கு உரிமை இல்லையா?
- ஒரு தந்தை, வட சென்னை

பதில்: நீங்கள் எழுதியதில் வழக்கைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: டிவியிலிருந்து பதிவு செய்தீர்கள். கேலரியில் உட்கார்ந்து உங்கள் போனில் எடுத்திருந்தால் என் பதிலே வேறு.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, ஒளிபரப்பியவருக்கு 25 ஆண்டு உரிமை தருகிறது. ஆப்பிலிருந்து எடுத்துவிட்டதால் அது போய்விடாது. உங்கள் மகனும் நிகழ்த்துநர்தான் என்று, நிகழ்த்துநருக்கு உரிமை தரும் 38-ஆவது பிரிவை வைத்து வாதாடலாம். வாதம் ஜெயித்தாலும், சேனலின் பதிவை ஊருக்குக் காட்ட அது அனுமதி ஆகாது. வீட்டில் பார்க்க, கோச்சிடம் காட்டிப் பயிற்சி எடுக்க 39-ஆவது பிரிவு இடம் தருகிறது. மூன்று ரவுண்டையும் அப்படியே யூடியூபில் போட இடம் தரவில்லை.

சரி, எனக்குப் பயம் எங்கே என்றால், அந்த மங்கலாக்கிய லோகோவில்தான். 63-ஆவது பிரிவு 'தெரிந்தே' செய்தவரைத் தண்டிக்கிறது: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் இது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம்; யூடியூபில் விளம்பர வருமானம் வந்திருந்தால் அதைக் கேட்பதும் கஷ்டம். லோகோவை ஏன் மறைத்தீர்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

யூடியூபில் கவுன்டர் நோட்டிஃபிகேஷன் (வீடியோவை நீக்கியது தவறு என்று ஆட்சேபிக்கும் படிவம்) போடச் சொல்லி யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். வேண்டாம். நல்ல எண்ணத்தில் அந்தப் படிவத்தை நிரப்பிவிட்டு என்னிடம் ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறுதலாகத்தான் வீடியோ நீக்கப்பட்டது என்று அதில் உறுதி கூறுகிறீர்கள்; பொய்யானால் அது பொய்ச் சத்தியம். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கும் சம்மதிக்கிறீர்கள். உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். வழக்குப் போட்டதாகக் காட்ட அவர்களுக்குப் பத்து வேலை நாள் அவகாசம். அதுவரை யோசித்துக்கொண்டிருந்தவரையும் அது நீதிமன்றத்துக்குத் தள்ளிவிடும். வேறொரு கணக்கில் மறுபடி ஏற்றுவது இதைவிட மோசம்.

சமரசமாகப் போய்விடுங்கள். ஆனால் அவர்கள் அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 'தெரிந்தே பதிவேற்றினேன்' என்ற வரி இருந்தால் அது உங்கள் வாக்குமூலம். 'குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், இனி பதிவேற்ற மாட்டேன்' என்ற உறுதிமொழி போதும். தொகையைப் பேசிக் குறையுங்கள். பதிலுக்கு அவர்கள் ஸ்ட்ரைக்கைத் திரும்பப் பெற வேண்டும், சிவில், கிரிமினல் நடவடிக்கை எதுவும் இல்லை என்று எழுதித் தர வேண்டும். அப்புறம், மகனின் சொந்த உபயோகத்துக்கு மூலப் பதிவிலிருந்து ஒரு பிரதி கேளுங்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியது அதுதானே? பணம் கொடுக்கும் இந்த நேரத்தில் கேட்டால்தான் கிடைக்க வாய்ப்பு.

உங்களிடம் உள்ள பதிவை அழிக்காதீர்கள்; பதற்றத்தில் அழித்தால் சாட்சியத்தை மறைத்ததாகப் பேசுவார்கள். நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் வக்கீல் மூலம் பதில் போகட்டும். அவர்கள் போன் செய்தால் நீங்கள் பேச வேண்டாம்.