சாமி இல்லாத மலை

அன்புள்ள ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மும்பையின் கன்ஹேரி பௌத்தக் குகைகளுக்கு அழைத்துச் சென்றேன். போரிவிலியில் இறங்கி, தேசியப் பூங்கா வாசலில் டிக்கெட் வாங்கி, காட்டுக்குள் பஸ்ஸில் போனோம். பெரிய சைத்தியத்துக்குள், அதாவது வழிபாட்டுக் கூடத்துக்குள், எதிரொலி கேட்பதற்காகப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். சுவர்களில் காதலர் பெயர்கள். மேலே ஏறி இருபது குகைகள் வரை பார்த்தோம். எல்லாம் வெற்று அறைகள். அஜந்தாவைப் போல ஓவியங்களும் இல்லை. “சாமியே இல்லாத கோயிலுக்கு எதற்காக இத்தனை படி ஏறினோம்?” என்று அம்மா கேட்டார். பதில் தெரியவில்லை. அங்கே என்ன இருக்கிறது?

எஸ்., முலுண்ட்

அன்புள்ள எஸ்.,

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் ஏறிப் பார்த்தது கோயில் இல்லை, ஊர்.

எண்ணிட்ட குகைகள் 109. வழிபாட்டுக்கென்று குடைந்தவை அவற்றில் கொஞ்சம்தான். மற்றவை பெரும்பாலும் பிட்சுக்கள் என்னும் பௌத்தத் துறவிகள் குடியிருந்த வீடுகள். முன்னால் திண்ணை, உள்ளே சிறு கூடம், அதை ஒட்டி ஓர் அறை, படுக்கவும் கல்லிலேயே வெட்டிய மேடை. கி.மு. முதல் நூற்றாண்டில் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் ஆள் புழங்கிய இடம் அது. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடு வெறுமையாகத்தானே இருக்கும்?

உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் வராத சொல் தண்ணீர். அடுத்த முறை வீட்டு வாசல்களின் ஓரம் குனிந்து பாருங்கள். தரையில் சதுரமாக ஒரு திறப்பு இருக்கும். அதற்குக் கீழே பாறையைக் குடைந்த தொட்டி. பிறகு அண்ணாந்து பாருங்கள். மலைச்சரிவில் விழும் மழையைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் காடிகள் தெரியும். நம் மதுரைப் பக்கத்துச் சமணர் படுகைகளிலும் குகை நெற்றியில் காடி வெட்டியிருப்பார்கள். அது மழைநீர் உள்ளே வழியாமல் தடுப்பதற்கு. இங்கே அந்த நீரைத் தடுத்ததோடு நிற்கவில்லை, பிடித்தும் வைத்தார்கள்.

காரணம் எளிது. மழைக்காலத்தில் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது பிட்சுக்களுக்கு விதி. மும்பை மழை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மாதம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மீதி எட்டு மாதமும் அந்தக் கரும்பாறை மலையில் பெரிய கூட்டம் ஒன்று குடிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். கரும்பாறை என்றதும் நினைவுக்கு வருகிறது: கன்ஹேரி என்பதே ‘கிருஷ்ணகிரி’, அதாவது கருமலை, மருவி வந்த பெயர்தான். நம் ஊர் ஒன்றின் பெயரைத்தான் மராட்டிய வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

கல்யாண், சோபாரா ஊர்களின் வணிகர்கள் புண்ணியம் தேடி இங்கே கொடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. குகை கொடுத்தவர்கள் உண்டு, தண்ணீர்த் தொட்டி கொடுத்தவர்கள் உண்டு. பிட்சுக்களின் துணிக்கும் செருப்புக்கும்கூடப் பணம் முதலாக வைத்திருக்கிறார்கள். செருப்புக்கு! எனக்கு மிகவும் பிடித்த தானம் இதுதான். அந்தப் பாறையில் மே மாதம் வெறுங்காலோடு நடந்தால் உங்களுக்கும் பிடிக்கும். பிள்ளைகள் கத்திய சைத்தியமும் வணிகச் சகோதரர்கள் பணத்தில் எழுந்ததுதான். அதன் தூண்களில் பல செதுக்கி முடியாமல் வெறும் எண்பட்டையாகவே நிற்கின்றன. கவனித்தீர்களா?

நான் போனது ஒரு ஜூலை மாதம். மழைக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினேன். பாறையிலிருந்து நூல்போல இறங்கிய நீர் காடியில் ஓடித் தொட்டிக்குள் விழும் சத்தம் கேட்டது. வெட்டியவன் போய்ப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது, அவன் குழாய் இன்னும் வேலை செய்கிறது. அரைமணி நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். ‘அங்கே என்ன இருக்கிறது?’ என்ற உங்கள் கேள்விக்குப் பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது. அதற்குள் ஒரு குரங்கு என் பையிலிருந்த கொய்யாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

சுவர்க் கிறுக்கல் விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் 90ஆம் குகையில் ஒரு வேடிக்கை. 1009இலும் 1021இலும் வந்த பார்சிகள் தங்கள் பெயர்களைப் பஹ்லவி என்னும் பழைய பாரசீக எழுத்தில் அங்கே பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று அது வரலாற்று ஆவணம். காதலர்கள் இதைப் படித்துவிட்டு உளியோடு கிளம்பாமல் இருந்தால் சரி.

அம்மாவுக்குச் சாமி வேண்டுமென்றால் 41ஆம் குகையில் பதினொரு தலை அவலோகிதேசுவரர், பௌத்தர்களின் கருணை வடிவான போதிசத்துவர், நிற்கிறார். சைத்தியத்தின் முன்மண்டபத்திலேயே இருபுறமும் இருபதடிக்குமேல் உயர்ந்த புத்தர்கள் உண்டு, கூட்டத்தில் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். படி ஏறிய களைப்புக்கு 11ஆம் குகையின் நீண்ட, தாழ்ந்த கல் மேடைகளில் அம்மாவை உட்கார வையுங்கள். ஆகஸ்டில், ஞாயிறு தவிர்த்துப் போங்கள். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. குடையும் குடிநீரும் எடுத்துக்கொள்ளுங்கள். கொய்யா மட்டும் வேண்டாம்.