எட்டு நிமிடம் பாட்டே வரவில்லை என்பவருக்கு

தாம்பரம் மின்சார ரயிலில் பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) ஆல்பம் கேட்டேன், எட்டு நிமிடம் தாண்டியும் பாட்டு வராமல் அலுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதன் முதல் பாட்டான 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'டின் ஆரம்பத்துக் கீபோர்டு அவ்வளவு மெல்லியது. ரயில் இரைச்சல் அதை விழுங்கிவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். மார்கழிக் கச்சேரியில் ராகம் தானம் பல்லவிக்கு உட்காருவதுபோல உட்காருங்கள், பல்லவிக்கு அவசரப்படாமல். நாலே ஸ்வரங்களோடு குழுவின் கிதார் கலைஞர் கில்மரின் கிதார் எழும் இடத்தில் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும். மனநலம் குலைந்து 1968-இல் குழுவைவிட்டுப் போன நண்பர் சிட் பேரட்டை நினைத்து எழுதியது அது. ஒலிப்பதிவுச் சமயத்தில் அவரே ஸ்டுடியோவுக்கு வந்தார். நண்பர்களுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்த நீளம் உறுத்தாது. அப்புறம், பாட்டுகளின் வரிசையை மாற்றிப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். அதே பாட்டின் மீதிப் பாதி ஆல்பத்தின் கடைசியில்தான் வருகிறது.