மதுரா தீவின் பால்ய நிச்சயம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மதுரா எங்கே இருக்கிறது? குழந்தைகளுக்கு நிச்சயம் செய்யும் வழக்கம் அங்கே இன்னும் உண்டா?

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவா மாகாணத்தில், சுரபயா நகருக்கு எதிர்க்கரையில் உள்ள தீவு அது. பங்காலான், சம்பாங், பமெகாசான், சுமெனெப் என்று நான்கு மாவட்டங்கள். நிச்சயத்தை அங்கே ‘பகாலான்’ என்பார்கள். தொடக்கப்பள்ளி வயதிலும், சில குடும்பங்களில் பிள்ளை கருவில் இருக்கும்போதும்கூட, இரு தரப்புப் பெற்றோரும் வாக்குக் கொடுத்துக்கொள்வதுண்டு. எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் கிராமங்களில் வழக்கம் அற்றுப்போகவும் இல்லை.

கேள்வி: இவ்வளவு அவசரம் எதற்கு? வறுமைதான் காரணமா?

வறுமையை மட்டும் சொல்வது பாதி விடைதான். மதுராவின் பழைய குடியிருப்பான ‘தானியான் லஞ்சாங்’ அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். நீண்ட பொது முற்றம். அதன் மேற்குக் கோடியில் தொழுகைக்கான சிறு கட்டடம். மூத்தவர் வீட்டில் தொடங்கி, மகள்களுக்கென்று ஒவ்வொன்றாகக் கட்டப்பட்டுக் கிழக்கு நோக்கி நீளும் வீட்டு வரிசை. மணமானபின் கணவன்தான் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்கிறான். காலம் முழுவதும் தங்கள் முற்றத்திலேயே வாழப்போகிறவன் யார் என்பதைப் பெண் வீட்டார் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள விரும்புவது இயல்பே. இதனுடன் சுண்ணாம்புப் பாறை நிலத்தின் வறட்சியையும் சேர்த்துப் பாருங்கள். பிழைப்புக்காக ஜாவாவுக்கும் கலிமந்தானுக்கும் மலேசியாவுக்கும் சிதறிப்போகும் உறவைத் திரும்பக் கட்டிப்போடத் திருமணமே கயிறாகிறது. உறவுக்குள் மணம் முடிப்பதை ‘மபோலோங் தோலாங்’, அதாவது எலும்புகளை ஒன்றுசேர்த்தல், என்கிறார்கள். என் கணிப்பில், பகாலான் என்பது பிள்ளைகள் இருவருக்கிடையே நடப்பதே இல்லை. அது இரண்டு முற்றங்களுக்கிடையே நடக்கும் ஒப்பந்தம்.

கேள்வி: நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் இடையிலுள்ள ஆண்டுகளில் என்ன நடக்கும்?

நோன்புப் பெருநாள்தான் முக்கியமான நாள். பையன் வீட்டார் பெண்ணுக்குப் புதுத்துணியும் பலகாரமும் கொண்டுவருவார்கள். பிள்ளைகள் வருங்கால மாமனார் மாமியாரின் கையை முத்தமிட்டு வணங்குவார்கள்.

கேள்வி: பெண் வீட்டார் மறுக்க முடியாதா?

முடியும், ஆனால் மனத்தளவில் அது எளிதன்று. முதலில் கேட்டு வந்த வரனைத் தட்டிக்கழித்தால் பெண்ணுக்குச் ‘சங்க்கால்’ என்னும் பீடை பிடிக்கும், பிறகு அவளுக்கு மணமே கூடிவராது என்றொரு நம்பிக்கை உண்டு. நிச்சயமான பிறகு முறித்தாலோ, பெற்ற பொருளைத் திருப்பித் தந்தாலும் அவமானம் தங்கிவிடும். ‘வெண்விழியைவிட வெள்ளெலும்பே மேல்’, அதாவது தலைகுனிவதைவிடச் சாவது நன்று, என்பது அவர்களது பழமொழி. (உறவுக்கும் எலும்பு, மானத்துக்கும் எலும்பு என்பதைக் கவனியுங்கள்.)

கேள்வி: இஸ்லாம் இதை வலியுறுத்துகிறதா?

இல்லை. மார்க்கத்தில் பெண் கேட்பது வெறும் வாக்குறுதிதான். அது திருமண ஒப்பந்தம் ஆகாது. ஆயினும் மதுராவில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபி என்னும் இஸ்லாமியச் சட்ட மரபு, கன்னிப்பெண்ணின் திருமணத்தை முடிவுசெய்யும் தனி உரிமையைத் தந்தைக்கும் தந்தைவழிப் பாட்டனுக்கும் வழங்குவதால், பெற்றோரின் முடிவுக்கு மார்க்கத்தின் பக்கபலமும் கிடைத்துவிடுகிறது. கியாயி எனப்படும் மார்க்க ஆசான் தலையசைத்தால் ஊரில் மறுபேச்சு அரிது.

கேள்வி: அரசு ஏன் தடுக்கவில்லை?

சட்டம் திருமணத்தைத்தான் கணக்கில் எடுக்கிறது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 19 என்று குறைந்தபட்ச வயதை வைத்தது. 2018இல் அரசமைப்பு நீதிமன்றம் அந்த வேறுபாட்டை ஏற்க மறுத்ததால், 2019இல் இருவருக்கும் 19 ஆயிற்று. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குழந்தையைக் கட்டாய மணம் செய்விப்பது 9 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நிச்சயத்துக்கோ வயது வரம்பே இல்லை. 1991இல் தொகுக்கப்பட்ட இஸ்லாமியச் சட்டத் தொகுப்பு, நிச்சயத்தால் சட்ட விளைவு எதுவும் இல்லை, எவரும் விலகிக்கொள்ளலாம் என்கிறது. தாளில் அது விடுதலை. முற்றத்தில் அதற்கு மதிப்புக் குறைவு. வயது நிரம்பாதவர்களுக்கு மார்க்க நீதிமன்றத்தில் விலக்குக் கேட்கலாம். பதிவே செய்யாமல் கியாயி முன்னிலையில் நிக்காஹ் முடிக்கும் வழியும் இருக்கிறது.

கேள்வி: நான் ஆய்வு மாணவி. களத்தில் எப்படி விசாரிப்பது?

‘எந்த வயதில் நிச்சயம் ஆயிற்று?’ என்று தொடங்காதீர்கள். சட்டம் மாறிய பிறகு அந்தக் கேள்விக்கு எச்சரிக்கையான விடையே வரும். பாட்டிமாரிடம், முதல் பெருநாள் துணி எப்போது வந்தது, அப்போது பிள்ளை எந்த வகுப்பில் படித்தாள் என்று கேளுங்கள்.